டர்னிப்புக்குக் கிழங்கு வேஷம் எதற்கு?

கோவையில் அக்கா வீடு. ஞாயிற்றுக்கிழமை காலை. பூரி சுடச்சுட வந்தது, பக்கத்தில் மசால். மஞ்சள் நிறம், நீளவாக்கில் அரிந்த வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, கடலைப்பருப்பு என்று எல்லாம் முறைப்படிதான் இருந்தது. மாமா ஒரு வாய் வைத்தார். மென்றார். தட்டை ஒரு தடவை உற்றுப் பார்த்தார்.

"ஏம்புள்ள, முள்ளங்கிய வேகவெச்சுக் கெழங்குன்னு ஏமாத்தறயா?"

"முள்ளங்கி இல்லீங்க, டர்னிப்பு. சக்கரைக்கு ஆகும்னு சொல்றாங்க. உருளைக்கெழங்குக்கும் இதுக்கும் வித்தியாசமே தெரியாதாம்."

"ஆருக்குத் தெரியாதாம்?"

அக்காவிடம் பதில் இல்லை. மசாலை ஓரமாக ஒதுக்கிவிட்டு மாமா மிச்சப் பூரியைச் சர்க்கரை தொட்டுச் சாப்பிட்டு எழுந்தார். ஆறு மாதம் முன்புதான் அவருக்குச் சர்க்கரை நோய் என்று பரிசோதனையில் தெரிந்திருந்தது.

இந்தக் காட்சி என் அக்கா வீட்டோடு முடிந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். மாவுச்சத்தைக் குறைக்கும் உணவுமுறைகள் பேலியோ, கீட்டோ என்று பல பெயர்களில் நம் வீடுகளுக்குள் வந்து பத்து வருடத்துக்கு மேலாகிறது. காலிஃபிளவரைத் துருவிச் 'சோறு' என்றார்கள், பாதாம் மாவில் 'தோசை' வார்த்தார்கள். அந்த வரிசையில் டர்னிப்புக்கு உருளைக்கிழங்கு வேஷம் கிடைத்திருக்கிறது. வேஷம் கட்டிவிடுகிறவர்கள் சொல்வது இதுதான்: ருசி அப்படியே உருளைதான், மாவுச்சத்தோ மூன்றில் ஒரு பங்கு, ஆகவே சர்க்கரைக்காரர் பயமில்லாமல் சாப்பிடலாம். இதில் முதல் பேச்சு பொய். நடுவில் உள்ளது உண்மை. கடைசிப் பேச்சு, அந்த உண்மையைக் கையில் வைத்துக்கொண்டு செய்யும் கண்கட்டு. மூன்றையும் பிரித்துப் பார்க்காமல் மொத்தமாக விழுங்கிவிடுகிறோம் என்பதுதான் என் சண்டை.

உண்மையை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பச்சை உருளைக்கிழங்கில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 17 கிராம் மாவுச்சத்து, 77 கலோரி. டர்னிப்பில் 6 கிராம் சொச்சம், 28 கலோரி. வைட்டமின் சி இரண்டிலும் கிட்டத்தட்ட ஒரே அளவு. யாரும் மறுக்க முடியாத கணக்கு இது. ஆனால் டர்னிப் ஏன் இவ்வளவு இலேசாக இருக்கிறது என்று கேட்டால், அதிலேயே ருசி பற்றிய பொய்யும் உடைந்துவிடும். டர்னிப்பில் நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு பங்கு தண்ணீர். மிச்சமுள்ள எட்டுப் பங்கில் கொஞ்சம் சர்க்கரை, கொஞ்சம் நார், கொஞ்சம் உப்புகள். மாவு என்று சொல்லத்தக்கது ஏறக்குறைய இல்லை.

உருளைக்கிழங்கின் பெருமையே அந்த மாவில்தான் இருக்கிறது. கிழங்கின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் மாவுமணிகள் அடைந்து கிடக்கின்றன. வேகும்போது சூடு 60 டிகிரியைத் தாண்டியதும் அவை சுற்றியுள்ள தண்ணீரை உறிஞ்சி உப்புகின்றன. கையால் அழுத்தினால் கிழங்கு பொலபொலவென்று உதிர்வது அதனால். மசாலில் ஊற்றிய தண்ணீர் தானாகக் கெட்டிப்படுவதும், போண்டாவுக்கு உருட்டினால் உருண்டையாக நிற்பதும், பொடிமாஸில் எலுமிச்சைச் சாற்றை இழுத்துக்கொண்டும் உதிரியாக இருப்பதும் அந்த மாவின் வேலை. உருளைக்குச் சொந்த ருசி மிகக் குறைவு. அது எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும். அதனால்தான் எந்த மசாலாவோடும் கூடிவிடுகிறது.

டர்னிப் நேர் எதிர். அது வாங்காது, விடும். வேகவைத்து மசித்தால் ஓரத்தில் தண்ணீர் பிரிந்து நிற்கும். இது தெரிந்ததால்தான் இந்த வேஷத்துக்கான சமையல் குறிப்புகளில், மசித்த டர்னிப்பைத் துணியில் கட்டிப் பிழியச் சொல்கிறார்கள். பிழிந்த தண்ணீரோடு கரைந்து ஓடுவது வைட்டமின் சியும் பொட்டாசியமும். பிறகு சக்கையில் வெண்ணெய், பாலேடு, சீஸ் என்று ஒவ்வொன்றாகச் சேர்க்கிறார்கள். 'உருளை மாதிரியே இருக்கிறதே' என்று சாப்பிடுகிறவர் வியப்பது அந்த வெண்ணெயின் ருசியைத்தான். வெண்ணெயை இந்த அளவு போட்டால் செய்தித்தாளைக்கூட மசித்துத் தரலாம். அக்கா வீட்டில் வெண்ணெய் இல்லை. மசால் கெட்டிப்படவில்லை என்று கடலைமாவைக் கரைத்து ஊற்றியிருந்தாள். ஒரு மேசைக்கரண்டி கடலைமாவில் நாலைந்து கிராம் மாவுச்சத்து உண்டு. முன்வாசலில் துரத்தியது பின்வாசலில் வந்து உட்கார்ந்துகொண்டது.

வறுவல் இன்னும் மோசம். கிழங்கு மொறுமொறுப்பாவது, வெளிப்புற மாவு காய்ந்து மெல்லிய ஓடாகப் பிடிப்பதால். சிப்ஸ் தொழிலில் இருப்பவர்களைக் கேளுங்கள், நீர் குறைந்த கிழங்கைத்தான் தேடுவார்கள். சிம்லாவிலுள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் குஃப்ரி சிப்சோனா என்ற பெயரில் சிப்ஸுக்கென்றே ரகங்களை வெளியிட்டது. திடப்பொருள் அதிகம், சர்க்கரை குறைவு என்பதே அவற்றின் சிறப்பு. நீர் மிகுந்தால் எண்ணெய் அதிகம் குடிக்கும், சர்க்கரை மிகுந்தால் வேகும் முன்னே கறுக்கும். டர்னிப்பில் இந்த இரண்டு குறையும் ஒருங்கே இருக்கின்றன. அதை எண்ணெயில் போட்டு 'ஆரோக்கியமான சிப்ஸ்' என்று பெயர் வைப்பவரிடம் ஒன்று மட்டும் சொல்லலாம்: ஒரு கிராம் எண்ணெய்க்கு 9 கலோரி.

இனி கசப்பு. டர்னிப்பை அரிந்த உடனே அதற்குள் பிரிந்து கிடந்த ஒரு நொதியும் கந்தகம் கலந்த ஒரு சேர்மமும் ஒன்றோடொன்று கலக்கின்றன. அதில் பிறப்பதுதான் கடுகின் காரம், முள்ளங்கியின் நெடி. மூடி போட்டு அதிக நேரம் வேகவிட்டால் வீடு முழுக்க மணக்கும். மணம் என்பது இங்கே மரியாதைக்காக. இந்த வகைக் கசப்பை உணரும் மரபணு எல்லோருக்கும் ஒரே மாதிரி அமைவதில்லை. சிலர் நாக்கில் அது உறைக்கும், சிலர் நாக்கில் படவே படாது. 'வித்தியாசமே தெரியாது' என்று சொன்னவர் பொய் சொல்லாமலும் இருக்கலாம். அவர் நாக்குக்குத் தெரியாமல் போயிருக்கும். மாமாவின் நாக்குக்குத் தெரிந்தது. முள்ளங்கி என்று அவர் சொன்னது குடும்பத்தைச் சரியாகப் பிடித்த பேச்சு.

ஆம், குடும்பமே வேறு. உருளைக்கிழங்கு கத்தரி, தக்காளி, மிளகாயின் பங்காளி. டர்னிப் கடுகுக் குடும்பம். கடுகோடு அதற்கு வெறும் தூரத்து உறவு இல்லை. நாம் தாளிக்கும் கடுகே, டர்னிப் இனமும் கருங்கடுகு இனமும் எப்போதோ இயற்கையில் கலந்து பிறந்த செடி. கொரிய வம்சாவளியில் வந்து ஜப்பானில் ஆய்வு செய்த தாவரவியலாளர் வூ ஜாங்-சுன் 1935இல் இந்த உறவுமுறையை விளக்கிக் காட்டினார். ஆக, டர்னிப் பொரியலுக்குக் கடுகு தாளிப்பது பெற்றவள் தலையில் பிள்ளையைப் பொரித்துக் கொட்டுவது. அது நன்றாகவே ஒத்துப்போகும் என்பது வேறு விஷயம்.

சரி, ருசி கிடக்கட்டும், உடம்புக்கு நல்லதுதானே என்பார்கள். அங்கேதான் மாமாவின் தட்டுக்குத் திரும்ப வேண்டும். நாலு பூரிக்கு ஏறக்குறைய 100 கிராம் கோதுமை மாவு. அதில் மாவுச்சத்து சுமார் 70 கிராம். மசாலில் அவர் பங்குக்கு வந்த கிழங்கு 100 கிராம் என்று வைத்துக்கொண்டால் 17 கிராம். மொத்தம் 87. கிழங்கை எடுத்துவிட்டு டர்னிப் போட்டதில் 76 ஆகிறது. இவ்வளவு பாடும் 11 கிராமுக்காக. கடலைமாவு தின்றது போக அதிலும் குறைவு. பூரியில் ஒன்றைக் குறைத்திருந்தால் 17 கிராம் போயிருக்கும், மசாலும் மசாலாக இருந்திருக்கும். சர்க்கரை தொட்டுச் சாப்பிட்டதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. சேர்த்தால் அக்கா வருத்தப்படுவாள்.

மதியச் சாப்பாட்டிலும் இதே கதைதான். வடித்த வெள்ளைச் சோற்றில் 100 கிராமுக்கு 28 கிராம் மாவுச்சத்து. நம் வீடுகளில் ஒரு வேளைக்கு 300 கிராம் சோறு சாதாரணம், அதாவது 84 கிராம். பொரியலில் உருளைக்குப் பதில் டர்னிப் போட்டு மிச்சப்படுத்தும் 11 கிராம், நாற்பது கிராம் சோற்றுக்குச் சமம். ஒரு சின்னக் கரண்டி. சாம்பாருக்கு ஒரு கை, ரசத்துக்கு ஒரு கை, மோருக்கு ஒரு கை என்று போட்டுக்கொண்டு, ஓரத்தில் இருந்த வறுவலைக் கூண்டில் ஏற்றி விசாரிக்கிறோம். 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடளாவிய ஆய்வு, நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடிப் பேர் என்றது. அதே ஆய்வின் தொடர்ச்சியாக 2025இல் வந்த அறிக்கை, இந்தியர்களின் அன்றாட ஆற்றலில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்றும், அதில் பெரும்பங்கு தீட்டிய அரிசி, அரைத்த தானிய மாவு, சர்க்கரை ஆகியவற்றின் கணக்கு என்றும் சொன்னது. உருளைக்கிழங்கைப் பிரதான உணவாக, தட்டு நிறையச் சாப்பிடும் ஊர்கள் உண்டு. அங்கே உருளையின் இடத்தில் டர்னிப்பை வைத்தால் கணக்கு மாறும். நமக்கு அது தொட்டுக்கொள்ள. தொட்டுக்கொள்வதை மாற்றிவிட்டு, பிசைந்து உண்பதை அப்படியே விட்டுவைப்பது எந்த ஊர் வைத்தியம்?

உருளைக்கிழங்கு தப்பே செய்யாத உத்தமன் என்று நான் வாதாட வரவில்லை. வேகவைத்த உருளை இரத்தச் சர்க்கரையை ஏற்றும் வேகத்தைக் குறிக்கும் எண் 78 என்று 2008இல் வந்த சர்வதேச அட்டவணை சொல்கிறது. அதே அட்டவணையில் வெள்ளைச் சோறு 73. இரண்டும் ஒரே குட்டையில் ஊறிய மட்டை. ஆனால் உருளைக்கு ஒரு குணம் உண்டு, அதை அதன் எதிரிகள் சொல்வதே இல்லை. 1995இல் சிட்னி பல்கலைக்கழகத்தில் 38 உணவுகளைக் கொடுத்து, எது எவ்வளவு பசி தாங்குகிறது என்று பார்த்தார்கள். வெள்ளை ரொட்டிக்கு 100 என்று வைத்தபோது வேகவைத்த உருளைக்கு 323 கிடைத்தது. பட்டியலில் அதுதான் முதலிடம். கலந்துகொண்டவர்கள் சிலரே, சிறிய ஆய்வு என்பதையும் சொல்லிவிடுகிறேன். இருந்தாலும் நம் பாட்டிமார்களுக்கு இது செய்தி இல்லை. கிழங்கு வயிற்றில் நிற்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். டர்னிப் நிற்காது. சாப்பிட்டு ஒன்றரை மணி நேரத்தில் கை முறுக்கு டப்பாவைத் தேடும்.

வயிற்றில் நிற்காததை வைத்து ஒரு நாடே ஒரு குளிர்காலத்தைக் கழித்திருக்கிறது. முதல் உலகப் போரின் நடுவே, 1916இல், ஜெர்மனியில் விடாத மழையிலும் இலைக்கருகல் நோயிலும் உருளைக்கிழங்கு விளைச்சல் ஏறத்தாழ பாதியாகிவிட்டது. கடல்வழியைப் பிரிட்டிஷ் கப்பற்படை அடைத்திருந்தது. கால்நடைத் தீவனத்துக்காகப் பயிரிட்டிருந்த ஸ்வீட் என்ற கிழங்கு மனிதர்களின் தட்டுக்கு வந்தது. அது டர்னிப்பும் முட்டைக்கோசு இனமும் கலந்து உண்டானது, டர்னிப்பின் நெருங்கிய சொந்தம். அதில் சூப் வைத்தார்கள், அதை ரொட்டி மாவில் கலந்தார்கள், ஜாம் காய்ச்சினார்கள், வறுத்துக் காப்பித்தூள்கூடச் செய்தார்கள். அந்த 1916–17 குளிர்காலத்துக்கு வரலாற்றில் 'டர்னிப் குளிர்காலம்' என்றே பெயர். பங்கீட்டில் கிடைத்தது ஒரு நாளைக்கு ஆயிரம் கலோரி அளவுக்குச் சுருங்கியது. மக்கள் இளைத்தார்கள். இன்று நாம் 'கலோரி குறைவு' என்று பாராட்டுகிற அதே குணம் அன்று பஞ்சம். உருளையின் இடத்தில் டர்னிப் வகையை வைத்துப் பார்த்த மிகப் பெரிய சோதனை அதுதான். அதில் தப்பிப் பிழைத்தவர்கள் யாரும் 'வித்தியாசமே தெரியவில்லை' என்று சொன்னதாகக் கேள்வி இல்லை.

இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. மாவுச்சத்தைக் குறைத்து உடம்பை இளைக்கவைக்கும் முறையை முதலில் ஊரறியச் செய்தவர் வில்லியம் பேன்டிங். லண்டனில் இறுதிச் சடங்குகளை நடத்தித் தரும் தொழில் செய்தவர். ரொட்டி, சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு ஆகியவற்றை விட்டு இளைத்த கதையை 1863இல் சிறு புத்தகமாக வெளியிட்டார். பிந்தைய பதிப்பில் விலக்க வேண்டிய காய்களின் பட்டியலை நீட்டினார். உருளைக்கு அடுத்தடுத்து பீட்ரூட், காரட் எல்லாம் வந்தன. அந்தப் பட்டியலில் டர்னிப்பும் இருக்கிறது! மரபை உண்டாக்கியவர் தள்ளிவைத்த காயை மரபினர் தலையில் தூக்கி வைத்திருக்கிறார்கள். பேன்டிங் கணக்குத் தப்புதான், டர்னிப்பை அவர் விலக்கியிருக்க வேண்டியதில்லை. ஆனால் இந்த விஷயத்தில் எல்லோரும் அன்றிலிருந்து ஒரே குரலில் பேசிவருவதுபோல் பாவிப்பவர்களுக்காக இதைச் சொன்னேன்.

என் எதிர்த்தரப்பின் பலமான வாதத்துக்கு வருகிறேன். மனிதன் பழக்கத்துக்கு அடிமை, ஒன்றைப் பிடுங்கினால் அந்த இடத்தில் இன்னொன்றைக் கொடுக்க வேண்டும், வெற்று இடத்தை யாரும் தாங்க மாட்டார்கள் என்கிறார்கள். நியாயமான பேச்சு. குழம்பு, குருமா, சாம்பாரில் டர்னிப்பைப் போட்டால் நானே மறுப்பில்லாமல் சாப்பிடுவேன். அங்கே கெட்டிப்படுத்த பருப்போ தேங்காயோ இருக்கிறது, காய்க்கு மாவு வேலை கிடையாது. சிறுநீரகக் கோளாறினால் பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லி மருத்துவர் உருளையை நிறுத்தினால் அதுவும் வேறு கணக்கு. டர்னிப்பில் பொட்டாசியம் உருளையில் பாதிக்கும் குறைவு. ஆனால் பொடிமாஸ், போண்டா, மசால், வறுவல் ஆகிய இடங்களில் போலியை வைக்கும்போது நடப்பது என்ன? ஒவ்வொரு வாயிலும் 'இது அது இல்லை' என்று நாக்கு சொல்லிக்கொண்டே இருக்கும். ஏக்கம் தீராது, வளரும். போலியைத் தின்ற களைப்பில் மனிதன் வேறெங்கோ ஈடுகட்டுவான். மாமா சர்க்கரை டப்பாவைத் திறந்தது அப்படித்தான். வாரத்துக்கு ஒருநாள் உண்மையான கிழங்கு வறுவலை நாலு துண்டு, சோற்றைப் பாதியாக்கிக்கொண்டு சாப்பிடுகிறவன் ஏழு நாளும் ஏமாறுகிறவனைவிட நிம்மதியாக இருப்பான்.

இவ்வளவு பேசியதில் டர்னிப்பை இழித்துவிட்டேனோ என்று தோன்றுகிறது. எனக்கு அந்தக் காய் பிடிக்கும். அதனால்தான் கோபமே. காஷ்மீரத்தில் அதற்கு கோக்ஜி என்று பெயர். ராஜ்மாவோடு சேர்த்துச் சமைப்பார்கள், ஆட்டிறைச்சியோடு வேகவைப்பார்கள். பனிக்காலத்துக்கென்று வட்டமாக அரிந்து நூலில் கோத்து வெயிலில் உலர்த்திக் கட்டித் தொங்கவிடுவார்கள். இரவு முழுக்கத் தணலில் கிடந்து இறைச்சியோடு குழையும் சப் தேக் என்ற பதார்த்தத்தில் டர்னிப்தான் பாதி உயிர். பஞ்சாபில் காரட், காலிஃபிளவரோடு வெல்லமும் கடுகும் போட்டு ஊறுகாய் போடுகிறார்கள். வளைகுடாவில் வேலை பார்த்துவிட்டு வந்த நம்மவர்கள், ஷவர்மாவோடு வரும் இளஞ்சிவப்புத் துண்டை மறந்திருக்க மாட்டார்கள். அது பீட்ரூட் சாற்றில் நிறமேறிய டர்னிப். இத்தனை ஊர்க்காரர்களில் ஒருவரும் அதை உருளை என்று நினைத்துச் சமைக்கவில்லை. அதன் நெடியையும் இலேசான இனிப்பையும் தெரிந்து, அதற்கு எது சேரும் என்று பார்த்துச் சமைத்தார்கள்.

நமக்கோ அதன் பெயரிலேயே குழப்பம். சமையல் குறிப்புகளில் டர்னிப் என்று போட்டு அடைப்புக்குள் நூல்கோல் என்று எழுதுகிறார்கள். நூல்கோல், அதாவது நூக்கல், மண்ணுக்கு மேலே தண்டு பருத்து உருண்டு பச்சையாக இருப்பது. டர்னிப் மண்ணில் புதைந்து, அடி வெள்ளையும் தலை ஊதாவுமாக இருப்பது. இரண்டுமே நீலகிரியில் விளைந்து ஒரே வண்டியில் இறங்கிவருவதால் வந்த வினையாக இருக்கும்.

வாங்கினால் உள்ளங்கைக்குள் அடங்கும் அளவில் வாங்குங்கள், பெரியது நாரோடிக் கிடக்கும். தோலைக் கொஞ்சம் ஆழமாகச் சீவுங்கள். பாசிப்பருப்போடு மலர வேகவைத்து, மிளகும் சீரகமும் தேங்காயும் அரைத்து ஊற்றிக் கூட்டு வைத்தால் அந்தக் கடுகு நெடியே அழகாகிவிடும். மூடியைத் திறந்தே வேகவிடுங்கள். அக்கா இப்போது அப்படித்தான் செய்கிறாள். மாமா கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார், டர்னிப் என்று தெரிந்தே. பூரி இரண்டாகியிருக்கிறது.

கடைசியாக ஒன்று. டர்னிப்பின் சத்து நிறைந்த பாகம் கிழங்கு இல்லை, இலை. 100 கிராம் இலையில் 190 மில்லிகிராம் கால்சியம், கிழங்கைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு வைட்டமின் சி. மாவுச்சத்து அஞ்சும்படி எதுவும் இல்லை. முள்ளங்கிக் கீரையைப்போல வதக்கிப் பருப்பு சேர்த்துச் செய்யலாம். அதைத்தான் கடைக்காரர் திருகி எறிந்துவிட்டு நமக்கு எடை போடுகிறார். அடுத்த முறை உழவர் சந்தைக்குப் போகும்போது விடிந்ததும் போய், திருகுவதற்கு முன்னால் கேளுங்கள்: "இலையோட குடுங்க."